பொட்டுக்கல்

ஜமீன் நெய்யைத் தின்றே கொழுத்தவன் பலவேசம். கோயில் வாசலில் இரண்டு உருண்டைக் கற்கள் கிடந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கனமானதற்கு மட்டும் குங்குமப் பொட்டு உண்டு. பொங்கலுக்குப் பொங்கல் அவன் லேசான கல்லைத் தூக்கிப்போட்டு மீசையை முறுக்குவான். பொட்டுக்கல் பக்கம் போகவே மாட்டான்.

இந்த வருசம் போகிக்கு அவன் அடித்த பெருமையைக் கேட்டு, வாசல் பெருக்கும் முப்பிடாதி சிரித்துவிட்டாள்.

"சிரிக்கியா? நாளைக்குப் பொட்டுக்கல்லை நீ தூக்கு! இல்லேன்னா ஊரைக் காலி பண்ணு!"

பக்கத்திலிருந்த ஜமீன்தாரும் தலையாட்டினார்.

"சரி அண்ணாச்சி. மொதல்ல நீங்க தூக்குங்க, அப்புறம் நான்."

விடிந்ததும் கற்களைக் கழுவிப் பொட்டு வைத்தவளும் அவள்தான்.

பலவேசம் வழக்கம்போல் பொட்டில்லாத கல்லைத் தோளில் ஏற்றிப் பின்னால் போட்டான். ஊரே கைதட்டியது. பொட்டுக்கல்லை இரண்டு சுற்று சுற்றி வந்து, மெல்லக் கை வைத்தான். கல் அசையவில்லை.

"இது மனுசன் தூக்குற கல்லா!" என்று உட்கார்ந்துவிட்டான்.

முப்பிடாதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதே கல்லை மார்புவரை தூக்கிக் கீழே போட்டாள்.

ஜமீன்தார் வாயைப் பிளந்தார்.

"பொட்டை மாத்தி வச்சேன் மகராசா. கனமான கல்லை அண்ணாச்சி மொதல்லயே தூக்கிப் போட்டுட்டாரு. அவரால தூக்க முடியாம போனது, நான் வச்ச குங்குமத்தைத்தான்."