மாப்பிள்ளைச் சட்டையின் ஐந்தாவது பொத்தான்

அந்தக் காலத்தில் வண்டுக்கும் வாய் இருந்தது, கீரிக்கும் வாய் இருந்தது. கீரிக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஆனால் அது பேசுகிற வாய் இல்லை, சாப்பிடுகிற வாய். பொறிவண்டின் முதுகிலோ அப்போது ஒரு பொட்டுகூடக் கிடையாது. மஞ்சாடி விதை மாதிரி மொழுமொழுவென்று ஒரே சிவப்பு. அதனால் அவளுக்குப் பெயரே சிவப்பி.

சிவப்பிக்குத் தொழில் பொத்தானுக்குப் படம் எழுதுவது. மஞ்சாடி விதையில் துளை போட்டு, கரிமை தொட்டு எழுதுவாள். தொழில் தெரியும், வேலைதான் வரவில்லை. "இத்தனூண்டு பொத்தானை யாரு உத்துப் பாக்கப் போறா?" என்று காடே சிரித்தது.

அந்தச் சமயத்தில் கீரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் அம்மா கறாரான ஆள். "மாப்பிள்ளை பொத்தான் போட்ட சட்டையோட மணையில உக்காரணும். ஒண்ணு கொறைஞ்சாலும் எம் பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டாள். சட்டை தைக்க ஒப்புக்கொண்ட தையல்சிட்டு நேரே சிவப்பியிடம் வந்தாள்.

"அஞ்சு பொத்தான் வேணும்டி. நல்லா அமைஞ்சா இனிமே நான் தைக்கிற சட்டைக்கெல்லாம் ஒன் பொத்தான்தான். சொதப்புனியோ, ரெண்டு பேரு பொழப்பும் போச்சு."

சிவப்பிக்குச் சந்தோஷத்தில் ஆறு காலும் தரையில் நிற்கவில்லை. ஆனால் என்ன படம் எழுதுவது?

"என் தோகைக் கண்ணை எழுது. வேற என்ன இருக்கு ஒலகத்துல?" என்றான் மயிலண்ணன். எழுதினாள், நசுங்கின கத்தரிக்காயாக வந்தது. அணில் தன் கோடுகளைக் காட்டியது. சிலந்தி தன் வலையை எழுதச் சொன்னது. முடிப்பதற்குள் கண்ணைக் கட்டிவிட்டது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்து, தூரிகையில் மிஞ்சின மையைத் தன் முதுகிலேயே துடைத்துக்கொண்டாள். தன் முதுகு யாருக்குத் தெரிகிறது?

கடைசியில், அதுவரை எழுதிய பொத்தான்களை மணையில் வரிசையாக வைத்துவிட்டு, பெண்ணின் அம்மா உட்காரப்போகும் இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்தாள். அங்கிருந்து கண்ணும் வலையும் கோடும் வெறும் அழுக்காகத் தெரிந்தன. பளிச்சென்று தெரிந்தது ஒன்றே ஒன்று: கை தவறிச் சொட்டின கறுப்புப் பொட்டு.

"இதுதாண்டி!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஐந்து புதுப் பொத்தானிலும் ஆளுக்கொரு பொட்டு வைத்தாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குச் சட்டை கச்சிதமாகத்தான் இருந்தது. "சும்மா ருசி பாக்குறேன்" என்று அவன் ஒரு சட்டி பணியாரத்தைக் காலி செய்யும் வரைக்கும். மணையில் உட்கார்ந்ததும் வயிற்றுக்கு நேரே இருந்த ஐந்தாவது பொத்தான் படக்கென்று தெறித்து அக்கினியில் விழுந்தது. பெண்ணின் அம்மா பொத்தானை எண்ணிப் பார்க்க எழுந்து வந்துகொண்டிருந்தாள்.

"போச்சு, போச்சு!" என்று சிட்டு றெக்கையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிவப்பி யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளை வயிற்றில் தாவி ஏறினாள். இரண்டு பக்கத் துணியையும் ஆறு காலாலும் இழுத்துப் பிடித்து, கால்களைத் தன் வயிற்றுக்கடியில் மடக்கிக்கொண்டாள்.

அம்மா ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தாள். ஐந்தாவதை நகத்தால் சுரண்டியும் பார்த்தாள். சிவப்பிக்கு உயிர் போய் வந்தது. ஆனாலும் அசையவில்லை.

"மத்ததுல எல்லாம் ஒத்தப் பொட்டு, இதுல மட்டும் எத்தனை! இதுதாம்மா அழகு. எழுதுன கைக்குக் காப்பு போடணும்" என்றாள் அவள். "ம், கொட்டச் சொல்லுங்க மேளத்தை!"

எல்லாரும் பந்திக்கு ஓடினபிறகுதான் ஐந்தாவது பொத்தான் மூச்சு விட்டது.

"காடெல்லாம் படம் தேடுனியே, ஒன் முதுகைப் பாத்தியாடி?" என்றாள் சிட்டு. சிவப்பி பன்னீர்க் கிண்ணத்து விளிம்பில் ஏறி, முதுகைத் திருப்பி நிழலைப் பார்த்தாள். மை துடைத்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக இருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"தொடைச்சு விடட்டுமா?"

"ஐயோ, தொட்டுராதக்கா! இனிமே இதுதான் என் கடைக்குப் பேர்ப்பலகை."

அன்று முதல்தான் பொறிவண்டின் சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டுகள். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், சட்டென்று கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும். பெண்ணின் அம்மா இன்னும் நகர்ந்து போகவில்லை என்றுதான் அதற்கு இன்றைக்கும் நினைப்பு.