சொர்ணபாய் மூச்சு விடும் நேரம்

இதை எனக்கு முதலில் சொன்னது லில்லிபுஷ்பம் அக்கா. போன வருஷம் அறுப்பின் பண்டிகை அன்று, ஏலத்துக்கு வந்த வாழைக்குலைகளை நாங்கள் இருவரும் ஆலய வராந்தாவில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னார். அவருடைய அடுத்த வீட்டில் நடந்ததாம்.

அந்த வீட்டுக்காரர் ஞானதாசு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மஸ்கட்டில் இருக்கும் மகன் அவருக்கு ஒரு கேமரா அனுப்பியிருந்தான். மிரர்லெஸ் என்று பெயர். உள்ளே கண்ணாடி கிடையாதாம்.

"கண்ணாடி இல்லாம முகம் எப்படித் தெரியும்?" என்று கேட்டார் அவர் மனைவி சொர்ணபாய்.

அதற்குப் பதில் தெரியாமல்தான் அவர் கருங்கல் ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஷைனியிடம் பழகப் போனார். அவளுக்கு அவர் மகனைவிட வயது குறைவு. ஆனாலும் "ஆசானே" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை மாமா என்பாள்.

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. சொர்ணபாய்க்குக் காதின் கீழே ஒரு கட்டி. திங்கள்கிழமை ஆபரேஷன். முகத்துக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பிறகு வாய் ஒரு பக்கம் கோணினாலும் கோணலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொர்ணபாய் அழவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "அதுக்கு முன்னே நான் சிரிக்கிறது போல ஒரு படம் எடுத்து வையுங்க" என்றார்.

ஞானதாசு எடுத்து எடுத்துப் பார்த்தார். வரவில்லை.

"ஆசானே, சிரிப்பு எடுக்க எந்த மோடு வைக்கணும்?"

"இப்போ எதுல இருக்கு?"

"ஆட்டோவுல."

"அதுலயே இருக்கட்டும்."

"கூட வந்த லென்ஸ் போதாது, வேற வாங்கணும்னு ஒருத்தன் சொன்னான்."

"அத்தை எவ்வளவு தூரத்துல உக்காருவாங்க?"

"கை நீட்டினா தொடலாம்."

"அப்போ போதும்."

"பேட்டரி சீக்கிரம் தீந்து போகுது."

"எடுக்கிறதைவிட எடுத்ததைப் பார்க்கிறது ஜாஸ்தி போல."

ஞானதாசு எடுத்த படங்களைக் காட்டினார். எல்லாம் ஒரே மாதிரி. கழுத்து விறைத்து, கண் விரிந்து, கோர்ட்டில் சாட்சி சொல்ல நிற்கிறவரைப் போல இருந்தார் சொர்ணபாய்.

"அத்தை ஏன் மூச்சைப் பிடிச்சிருக்காங்க?"

"கல்யாணம் முடிஞ்சு ஸ்டுடியோவுக்குப் போனோம். டிக்குன்னு கேக்கிற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு அந்த ஆள் சொன்னான். அவ இன்னும் அந்தச் சொல்லைத் தட்டல்ல."

நம் காலத்தில் எல்லோருக்கும் அப்படித்தானே. ஸ்டுடியோக்காரர் வைத்திருக்கும் பவுடரையே பூசிக்கொண்டு, பின்னால் இருக்கும் பிச்சிப்பூவை படத்தில் தெரியட்டும் என்று முன்னால் எடுத்துப் போட்டு, ஸ்டூலின் நுனியில் உட்காருவோம். பெரிய விளக்கு முகத்தில் சுடும். சிரித்தால் படம் கெட்டுப்போகும் என்றுதான் அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள்.

ஷைனி கேட்டாள். "டிக்குன்னு கேட்ட பிறகு அத்தை என்ன செய்வாங்க?"

"தெரியாது. நான் படம் எப்படி வந்திருக்குன்னு பாப்பேன்."

அவள் எழுந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என்னை எடுங்க."

எடுத்தார். டிக் என்றது. எடுத்த படம் உடனே கேமராவுக்குள் வந்து நின்றது. அதைப் பார்த்து முடித்துத் தலை நிமிர்ந்தார்.

"இப்போ நான் என்ன செய்தேன்?"

"உக்காந்திருந்தே."

"நாக்கை நீட்டினேன் மாமா."

பாஸ்போர்ட் படத்துக்குக் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் பார்த்திருந்தார்கள்.

ஷைனி கேமராவை வாங்கி மெனுவுக்குள் போய் எதையோ மாற்றினாள். "இனிமே எடுத்த படம் தானா வந்து நிக்காது. டிக்குன்னும் கேக்காது."

"அப்போ எடுத்தேனா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம். பட்டனை அமுக்கிக்கிட்டே அத்தையைப் பாருங்க."

சனிக்கிழமை சாயங்காலம் சொர்ணபாய் சந்தன நிறப் புடவை கட்டிக்கொண்டு முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

ஞானதாசுக்கு ஒரு சிரிப்பு ஞாபகம் இருந்தது. கல்யாணமான புதிதில் விருந்துக்குப் போன வீட்டில், மரச்சீனிக் கிழங்கோடு இருந்த காந்தாரி மிளகாயைத் தெரியாமல் கடித்துவிட்டு, மாமனார் எதிரே துப்பவும் முடியாமல் அவர் முழித்தார். அப்போது அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்த சொர்ணபாயின் சிரிப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். ஒன்றும் படத்தில் இல்லை.

"எடுத்தாச்சா?" உதடு அசையாமல் கேட்டார் சொர்ணபாய்.

"இரு."

"டிக்குன்னு கேக்கல்லியே."

"கேக்காது. ஆசான் அதை நிறுத்திட்டா."

"பின்னே நான் எப்போ மூச்சு விடுறது?"

"அதை அவகிட்ட கேக்க மறந்துட்டேன்."

சொர்ணபாய் சிரித்தார். நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். ஞானதாசு கண்ணை எடுக்கவே இல்லை.

மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞானதாசு படங்களைப் பார்த்தார். டாக்டர் பயந்தது போலவே சொர்ணபாயின் வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணித்தான் போயிருந்தது. சில நாள் கழித்து ஞானதாசு கேமராவை எடுத்துக்கொண்டு ஷைனியிடம் போனார்.

"முழுச் சிரிப்பு ஒண்ணே ஒண்ணுலதான் இருக்கு ஆசானே. அதுவும் மங்கல். நான் கெடுத்துட்டேன். இனி எடுக்கவும் முடியாது." கேமராவை அவள் பக்கம் தள்ளினார். "கம்ப்யூட்டர்ல போட்டு இதைத் திருத்த முடியுமா?"

ஷைனி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"உங்க கை ஆடல்ல மாமா. பின்னால சுவரைப் பாருங்க, விரிசல்கூடத் தெளிவா இருக்கு."

"பின்னே ஏன் இப்படி?"

"சுவர் சிரிக்கல்ல. அத்தை குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாங்க. ரெண்டுல எதைத் திருத்தணும்?"

கடையில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஞானதாசு படத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

சொர்ணபாய்க்கு வாய் இன்னும் முழுதாக நேராகவில்லை. தண்ணீர் குடித்தால் ஒரு பக்கம் வழிகிறதாம். நீங்கள் ஜெபம் பண்ணும்போது அவர் பேரையும் ஒரு தடவை சொல்லிக்கொள்ளுங்கள்.