கடைசியாக அழைக்கப்பட்ட ஆவி

மேலைக்குன்றம் சின்ன ராஜ்யம்தான். யானை இரண்டு, அதில் ஒன்று கிழம். சண்டை இல்லை, வறட்சி இல்லை. அதனால் ராஜா திருமேனி பூபதிக்குப் பொழுதே போகவில்லை. பொழுது போகாத ராஜாவை வைத்துக்கொண்டு ஒரு சபை படுகிற பாட்டைச் சொல்லி மாளாது.

சபைப் புலவர் சேந்தப்பன் அவருக்காக ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பெரிய பாய் ஒன்றில் காடு, ஆறு, கோட்டை எல்லாம் வரைந்திருக்கும். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் வில்லாளி, ஒருவன் வைத்தியன். எழுந்து ஆட வேண்டாம். உட்கார்ந்தபடியே இன்னது செய்கிறேன் என்று சொல்லிப் பகடையை உருட்டினால் போதும். அதனால் என்ன நடந்தது என்று சேந்தப்பன் கதையாகச் சொல்வார். சட்டம் ஒன்றே ஒன்று: ஆடுகிறவர் "ஆமாம், அப்படித்தான் நடக்கும்" என்று ஒப்புக்கொண்டால்தான் கதை செல்லும்.

ராஜா எடுத்துக்கொண்டது ஆவிகளை அழைக்கும் மந்திரவாதி வேஷம். அங்கேதான் வந்தது வினை. பகடையில் எத்தனை விழுகிறதோ அத்தனை ஆவிகளை மேலுலகத்திலிருந்து பேர் சொல்லித் துணைக்குக் கூப்பிடலாம். செத்தவனை மறுபடியும் கொல்ல முடியுமா? ஆறே நாளில் பாயிலிருந்த கோட்டையெல்லாம் ராஜா வசம். மிச்சம் நின்றது அரக்கியின் கருங்கல் கோட்டை ஒன்றுதான்.

தளவாய் மருதையாவுக்கு, ராஜாவின் பக்கத்தில் சேந்தப்பன் உட்காருவது ஆகவே ஆகாது. ஏழாம் நாள் மத்தியானம் ராஜாவின் காதைக் கடித்தார். ஒரு கோட்டையைக்கூடக் காக்கத் தெரியாதவர் கதை சொன்னால் ஜெயிப்பதில் என்ன ருசி இருக்கிறது? இன்றைக்கு விளக்கு வைக்கும் வரை கருங்கல் கோட்டை நின்றால் சரி, விழுந்தால் புலவர் எல்லைச் சாவடிக்குப் போய் இரண்டு வருஷம் காவல் இருக்கட்டும் என்றார். ராஜாவும் ஜெயிக்கிற மப்பில் தலையாட்டிவிட்டார்.

சேந்தப்பன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். சாவடி பத்து நாள் நடை. வீட்டில் மனைவி பொன்னாச்சிக்கு ஏழு மாசம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து உண்டாகியிருக்கிறாள். வருகிற வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பிறக்கப்போகும் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சாவடியில் குந்தியிருப்பதா என்று நினைத்ததும் மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. போதாக்குறைக்குக் காலையில்தான் ஒரு ரகளை. வளைகாப்புக்கு அழைக்க வெற்றிலைத் தட்டோடு கிளம்பியவர், வழியில்தானே இருக்கிறது என்று சின்ன அத்தை வீட்டுக்குள் முதலில் நுழைந்துவிட்டார். அப்புறம் பெரிய அத்தை வீட்டுக்குப் போனால் கதவே திறக்கவில்லை.

ராஜா பகடையை உருட்டினார். பன்னிரண்டு. சபையே எழுந்து நின்றுவிட்டது.

கண்ணை மூடிக்கொண்டு ராஜா வரிசையாகக் கூப்பிட்டார். கொள்ளுத்தாத்தா, தாத்தா, தாத்தாவின் தம்பிகள் ஐந்து பேர், பெரியப்பாக்கள் நாலு பேர், எல்லோருக்கும் கடைசியில், மதயானையை வாலைப் பிடித்து நிறுத்திய தாய்மாமன் வேலப்பர். இத்தனை சூரர்களும் வந்தால் கருங்கல் என்ன, எதுதான் நிற்கும்?

கடைசிப் பேரைக் கேட்டதும் சேந்தப்பனுக்குப் பெரிய அத்தை வீட்டுக் கதவு ஞாபகம் வந்தது.

"பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள் மகாராஜா," என்றார் மெதுவாக. "வந்ததும் தங்கள் தாய்மாமன் ஒரே ஒரு வார்த்தை கேட்டார், 'என்னைக் கடைசியிலா கூப்பிட்டான்?' என்று."

பகடையோடு நீட்டிய ராஜாவின் கை அப்படியே நின்றது.

சேந்தப்பன் விடவில்லை. தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடக்கிறார். சமாதானம் சொல்லத் தாத்தா பின்னாலேயே ஓடுகிறார். அண்ணன் போனபிறகு தம்பிகள் நிற்பார்களா, அவர்களும் போகிறார்கள். கொள்ளுத்தாத்தாவோ, வெற்றிலை பாக்குகூட வைக்காமல் வெறுங்கையோடு கூப்பிடுகிற பிள்ளையை யார் வளர்த்தது என்று பெரியப்பாக்களைப் பிடித்துக்கொண்டார். அரக்கி மதில்மேல் சாய்ந்து, பொரி கொறித்தபடி வேடிக்கை பார்க்கிறாள்.

தளவாய்க்குப் பொறுக்கவில்லை. செத்தவர்களுக்கு ஏது கோபதாபம், இதெல்லாம் ஏமாற்று வேலை என்று குதித்தார்.

சேந்தப்பன் ராஜாவைப் பார்த்தார். "தாங்களே சொல்லுங்கள். தங்கள் கல்யாணத்தில் தாய்மாமன் என்ன செய்தார்?"

ராஜா பெருமூச்சு விட்டார். தனக்கு இரண்டாவதாக மாலை போட்டார்கள் என்று வேலப்பர் பந்தலை விட்டு இறங்கிப் போனதும், முகூர்த்தம் தவறப்போகிறதே என்று மாப்பிள்ளைக் கோலத்தோடு ராஜாவே தெருவில் ஓடிப்போய்க் காலில் விழுந்ததும் ஊருக்கே தெரியும்.

"சாகும்போதாவது மறந்தாரா?"

"சாகும்போதும் அந்த மாலையைத்தான் சொன்னார்," என்றார் ராஜா. "ஆமாம். அப்படித்தான் நடக்கும்."

அந்நேரம் விளக்கு வைத்தார்கள். ஒரு ஆவிகூடக் கோட்டைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார், சபையும் சிரித்தது. சேந்தப்பன் மட்டும் பொன்னாச்சி விஷயத்தைச் சொல்லி, பயந்தே போய்விட்டேன் மகாராஜா என்று அழுதேவிட்டார்.

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொன்னாச்சிக்குத் தங்க வளையல் ஒரு ஜோடி கொடுத்தனுப்பினார். பிறகு ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துத் தளவாயின் கையில் கொடுத்து, புலவரின் சொந்தபந்தம் ஒருவர் விடாமல், முறை தவறாமல் வளைகாப்புக்கு அழைத்துவிட்டு வர வேண்டியது உம்முடைய பொறுப்பு என்றார்.

புலியோடு மல்லுக்கட்டியவர் தளவாய். மூன்றாம் நாள் தலைப்பாகை அவிழ்ந்து, தொண்டை கட்டிப்போய் ராஜாவின் முன்னால் வந்து நின்றார். பெரிய அத்தை வீட்டுக்கு மட்டும் ஐந்து நடை நடந்திருந்தார். எல்லோரும் வருகிறார்களா என்று ராஜா கேட்டார். தளவாய் தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.

"மகாராஜா, அந்த எல்லைச் சாவடி இன்னும் காலியாகத்தானே இருக்கிறது?" என்றார்.