பானைக்குள் போன பாட்டு

கிட்ட வந்து உட்காருங்க, சத்தம் போட்டுச் சொல்லுகிற கதை இல்லை.

நடவுக்காரி செம்பாயி பாட்டுக் கட்டுவதில் கெட்டிக்காரி. கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா சொல்லிக் கொடுப்பாள்.

மிராசுதார் சபாபதிக்கு அது பொறுக்கவில்லை. "என் மக கல்யாணத்துல உன் பாட்டுத்தான் பாடணும். ஆனா ஊரே பாடுற பாட்டு என் பந்தலுக்கு எதுக்கு? கொடுத்ததையெல்லாம் சாயங்காலத்துக்குள்ள திருப்பி வாங்கு. இல்லேன்னா என் மனையில இருக்கிற குடிசையைக் காலி பண்ணு!"

"ஆகட்டுங்க" என்று ஓடினாள். ஒரு காலிப் பானையை அவர் வாசலில் வைத்தாள். சேதி வயல் வயலாகப் பறந்தது. சும்மா வாங்கின பாட்டு, செம்பாயிக்காக ஒருநாள் வாயை மூடினால் என்ன? பெண்கள் கரையேறி வந்து, ஆளாளுக்குப் பானைக்குள் பாடிவிட்டுப் பேசாமல் வயலுக்குத் திரும்பினார்கள். மிராசுதார் மீசையைத் தடவிக்கொண்டார்.

மிராசுதார் வயலில் பாட்டில்லாமல் நடவுக்குக் கை ஓடவில்லை. வரிசை கோணியது. பறித்த நாற்று கட்டோடு வாடியது. மறுநாள் வாய்க்காலில் முறைத் தண்ணீர் நின்றுவிடும்; அதற்குள் நட்டு முடிக்க வேண்டும்.

மிராசுதார் வரப்பில் ஓடி வந்தார். "பாடித் தொலைங்கடி!"

"திருப்பிக் கொடுத்துட்டோமே சாமி!"

"செம்பாயி, குடிசை உனக்கே. இனி கேக்க மாட்டேன். பாட்டைக் கொடுத்துடு தாயே!"

"பானை உங்க வாசல்லதானே இருக்கு? நீங்கதான் கொடுக்கணும்."

வேறு வழி? மிராசுதார் வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் இறங்கிப் பாடினார்.

செம்பாயி நாற்றுமுடியைப் பிரித்தபடியே சொன்னாள்: "தாளம் இழுக்குதுங்க. முதல்லேர்ந்து பாடுங்க."