மூன்று ரெண்டரும் ஒரு விளக்கும்

குரு என்றால் தாடி இருந்தாக வேண்டுமா என்ன? திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற நூர்ஜஹானுக்கு வயது முப்பத்து நான்கு. அவளிடம் தொழில் படிக்க வந்த அருளப்பனுக்கு ஐம்பத்து இரண்டு. இருபத்தைந்து வருஷம் கேமராவைத் தோளில் தூக்கியவர். முழங்கால் மக்கர் பண்ணவே கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்று மதியம் மூன்று மணி. அருளப்பன் எடிட் செய்து முடித்திருந்த கல்யாணத்தில், பெண்ணின் அப்பா வேலுச்சாமிக்கு மறுநாள் காலை இதய ஆப்பரேஷன். அதற்கு முன்னால் மகள் கல்யாணத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். படம் ஏற்றிய பென் டிரைவுக்காக மாப்பிள்ளை திலீபன் நூர்ஜஹானின் கடை வாசல் பெஞ்சில் காத்திருந்தார்.

எடிட் செய்த படத்தை ஒரே வீடியோவாக்கி எடுப்பதற்கு ரெண்டர் என்று பெயர். அருளப்பன் பெருமையாக ஒரு தாளை நீட்டினார்.

"டீச்சர், முப்பத்தஞ்சு நிமிஷப் படத்தைக் காலையிலேருந்து மூணு விதமா ரெண்டர் போட்டுப் பாத்துட்டேன். கிராபிக்ஸ் கார்டு வழியா ஒன்பது நிமிஷம். கார்டு இல்லாம பிராசசர் மட்டும்னா அம்பது. ரெண்டு தடவை ஓட்டி எடுத்தா ஒண்ணே முக்கால் மணி நேரம்."

"தரம்?"

"முகூர்த்தச் சேலைச் சரிகையை நாலு மடங்கு பெருசாக்கிப் பாத்தேன். கார்டுல வந்தது கொஞ்சம் மசமசன்னு இருக்கு. மத்த ரெண்டுலயும் இழையை எண்ணலாம். எது ஒசத்தி, நீங்களே சொல்லுங்க."

தாளை அவள் தொடவே இல்லை.

"போடுங்க, பாப்போம்."

"எந்த இடம்?"

"முதல்லேருந்து."

"மாப்பிள்ளை காத்திருக்கார், டீச்சர்."

"காத்திருக்கட்டும்."

இரண்டு தடவை ஓட்டி எடுத்ததையே போட்டார். பிள்ளையார், மேளம், மணமக்கள் பெயர். நாலாவது நிமிஷம் குடும்பத்துப் பெரியவர்களின் படங்கள் வந்தன. அருளப்பனின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

திரையில் வேலுச்சாமி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் படத்துக்கு மாலை. கீழே ஒரு விளக்குச் சுடர் ஆடியது. 'என்றும் எங்கள் நினைவில்' என்று எழுத்து மெதுவாக வந்தது.

அந்த மாலையும் விளக்கும் செத்துப்போன தாத்தாவுக்காக வைத்தவை. வேலுச்சாமியின் நல்ல படம் ஒன்று முந்தின நாள் வந்திருந்தது. அதை அருளப்பன் தாத்தாவுக்கு முன்னால் செருகியதில் தாத்தா ஓர் இடம் தள்ளிப் போய்விட்டார். விளக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

அருளப்பன் அவசரமாக அடுத்ததைப் போட்டார். அதிலும் சுடர் ஆடியது. மூன்றாவதிலும்.

"இயேசுவே," என்றார். "நாளைக்கு நெஞ்சைத் திறக்கப் போறாங்க டீச்சர். உசுரோட இருக்கற மனுஷன் கையில இதைக் குடுத்திருப்பேனே."

நூர்ஜஹானின் முகமும் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"மாத்துங்க."

அவசரத்தில் இரண்டு தடவை வேறு படத்தை இழுத்தார். ஒருவழியாக விளக்கு தாத்தாவிடம் போய்ச் சேர்ந்தது. மணி மூன்று இருபது.

"எதுல போடட்டும்?"

"ஒன்பது நிமிஷத்துல."

"சரிகை மசமசன்னு..."

"இருந்துட்டுப் போகுது."

ரெண்டர் முடிந்ததும் அவர் பென் டிரைவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் நாற்காலியைக் காட்டினாள். உட்கார்ந்தார். இரண்டு பேரும் முப்பத்தைந்து நிமிஷமும் உட்கார்ந்து பார்த்தார்கள். வேலுச்சாமி மாலை இல்லாமல் சிரித்தார். தாரை வார்க்கும்போது மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்து அருளப்பனும் துடைத்துக்கொண்டார்.

நாலு பத்துக்குத் திலீபன் வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

அருளப்பன் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, மூணுல எதுதான் ஒசத்தி, டீச்சர்?"

"இப்பக் குடுத்து அனுப்பினோமே, அதுதான்."

"அது கார்டுல போட்டது."

"நாம உக்காந்து பாத்தது, அண்ணே."