தலைவர் கண்ணால் பார்த்த ஒரே கூடை

எருக்கம்பாளையத்துக்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். புத்தி எல்லாருக்கும் இருந்தது. தினமும் எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊருக்கு ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு லீக்கில் ஆடுகிற நிஜமான அணி. பெயர் எருக்கம்பாளையம் எரிமலைகள். சட்டை பச்சை நிறம். எரிமலைக்கு ஏனய்யா பச்சைச் சட்டை என்று கேட்டால், அணைந்துபோன எரிமலைங்க என்று பணிவாகப் பதில் சொல்வார்கள்.

அணியின் கேப்டன் வடமலை. நல்ல உயரம், நல்ல மனசு. அவனுக்கு இந்த உலகத்தில் பிடித்த சத்தம் ஒன்றே ஒன்றுதான். பந்து வளையத்தில் இடிக்காமல் வலைக்குள் இறங்கும்போது 'சரக்' என்று வருமே, அது. பிடிக்காத இடமும் ஒன்றே ஒன்றுதான். அது அவன் அக்கா வீட்டுக்காரரின் இரும்புச் சாமான் கடை. லீக்கிலிருந்து துரத்தினால் மறுநாளே கடையில் வந்து உட்கார்ந்து ஆணி நிறுக்க வேண்டும் என்று மாமா முன்பே சொல்லி வைத்திருந்தார். அந்தக் கடையின் கூரை தாழ்வு. வாழ்நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டுமே என்பதை நினைத்தால் வடமலை சட்டென்று எழுந்து நிமிர்ந்து நின்றுவிடுவான்.

அந்த வருஷம் லீக்குக்குப் புதுத் தலைவர் வந்தார். பெயர் கும்பலிங்கம். நான்கு கல்யாண மண்டபங்களுக்குச் சொந்தக்காரர். பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆயிரம் பேரை நாற்காலியில் உட்கார வைத்து எழுப்பத் தெரியும். லீக்குக்கு வேறு என்ன வேண்டும் என்று அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

வந்தவர் வாசலில் சந்தனமும் கற்கண்டும் வைத்தார். நடுவர்களுக்குப் பட்டுக்கரை வேட்டி கொடுத்தார். கூடைக்கு அடிப்பாகம் இல்லாததைப் பார்த்து, இது யாருடைய கஞ்சத்தனம் என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியவர், அதைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை.

கடைசி ஆட்டம் வந்தது. எரிமலைகளும் தாழையூர்க் கழுகுகளும் பட்டியலின் அடியில் ஒன்றாகக் கிடந்தார்கள். கும்பலிங்கம் மேடையில் மாலையோடு எழுந்து நின்று, இன்றைக்கு ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை, தோற்கிற அணிக்கு லீக்கில் இடமில்லை என்று அறிவித்தார். தன் பேச்சை மீறுகிற அணிக்கும் இடமில்லை என்று சேர்த்துக்கொண்டார். பிறகு ஆடுவது எப்படி என்று விளக்கினார்.

"பந்து எல்லாருக்கும் போகணும். என் மண்டபத்துல ஒரு இலைக்குப் பாயசம் வராம அடுத்த பந்தி போட்டது கிடையாது. எல்லாரும் தொட்ட பிற்பாடுதான் கூடையில போடணும்."

எரிமலைகள் உடனே கூடி ஆலோசித்தார்கள். அணியில் யோசிக்கிற வேலையை சங்கிலியும் தம்பிக்கலையும் பார்த்துவந்தார்கள்.

"எல்லாரும்னா நாம அஞ்சு பேருங்களா?" என்று கேட்டான் வடமலை.

"அஞ்சு பேருன்னு சொல்ல அவருக்கு வாய் இல்லையா? எல்லாரும்னுதான சொன்னாரு" என்றான் சங்கிலி.

"அப்ப வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறவங்களும்" என்றான் வடமலை.

"கால் பிடிச்சு விடறவரும். வேன் ஓட்டற ராக்கியப்பண்ணனும். குரூப் போட்டோவுல நிக்கறாரில்ல?"

தம்பிக்கலை வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தான். "எதிர் டீம்காரங்க?" என்றான். கடைசியில் பந்தி என்று வந்துவிட்டால் பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று பார்க்கக் கூடாது என்று முடிவாயிற்று.

ஆட்டம் தொடங்கியது. முதல் பந்து வடமலை கைக்கே வந்தது. அவன் சங்கிலிக்குக் கொடுத்தான், சங்கிலி தம்பிக்கலைக்குக் கொடுத்தான், தம்பிக்கலை கோட்டைத் தாண்டிப் போய் பெஞ்சில் இருந்தவர்களுக்கு வரிசையாக நீட்டினான். நடுவர் விசில் ஊதினார். அதற்குள் சங்கிலி பந்தை வாங்கிக்கொண்டு வண்டிகள் நிற்கும் இடத்துக்கு ஓடிவிட்டான். ராக்கியப்பண்ணன் வேனுக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் கோபித்துக்கொள்வார் என்று அவர் கையைத் தூக்கிப் பந்தின்மேல் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான்.

பிறகு வடமலை பந்தைக் கழுகுகளின் கேப்டன் தேவசகாயத்திடம் நீட்டி, தொட்டுட்டுத் தாங்க என்றான். தேவசகாயம் தொட்டான். தரவில்லை. நேரே போய்க் கூடையில் போட்டான். ஒவ்வொரு முறையும் இப்படியே நடந்தது. கழுகுகளின் புள்ளி ஏறிக்கொண்டே போனது. தாழையூர் ரசிகர்கள் துண்டைச் சுழற்றினார்கள். வடமலைக்கு ஆணி நிறுக்கும் தராசு கண்ணுக்குள் ஆடியது. ஆனாலும் தலைவர் சொல்லை மீறவில்லை.

தலைவர் அப்போது அங்கே இல்லை. பின்னறையில் இலை போட்டிருந்தார்கள். நிதானமாகச் சாப்பிட்டு வெற்றிலை மென்றுகொண்டு அவர் திரும்பியபோது பாதி ஆட்டம் முடிந்திருந்தது. ஸ்கோர் போர்டைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"இதெல்லாம் எப்ப நடந்துச்சு?"

ஐயா சாப்பிடும்போது நடந்தது என்றார் நடுவர், வேட்டியைச் சரிசெய்துகொண்டு.

"என் மண்டபத்துல நான் பார்க்காம ஒரு தாலி ஏறினதில்லை. இந்த லீக்லயும் நான் என் கண்ணால பார்க்காத எதுவும் செல்லாது."

நடுவரின் சம்பளம் தலைவர் கையெழுத்தில் வருவது. நடுவர் ஸ்கோர் எழுதுகிறவரைப் பார்த்தார். எழுதுகிறவர் எழுந்து போய் எல்லாவற்றையும் அழித்து இரண்டு பக்கமும் பூஜ்யம் போட்டார். தேவசகாயம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வடமலை மேடையை நோக்கிக் கைகூப்பினான். இப்படி ஒரு நியாயவானை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

எரிமலைகள் மறுபடி கூடினார்கள். தலைவர் பார்க்காதபோது ஆடினால் என்ன தப்பு என்று சங்கிலி கேட்டான்.

"செல்லாத வேலையைச் செஞ்சுட்டுச் சம்பளம் வாங்கறது திருட்டுங்க" என்றான் வடமலை. மற்றவர்கள் வெட்கித் தலைகுனிந்தார்கள். அவர் கண் இந்தப் பக்கம் இருந்தால் ஆடுவது, திரும்பினால் அப்படியே நிற்பது என்று முடிவாயிற்று.

கும்பலிங்கத்தின் கண் ஒரு இடத்தில் நிற்கிற கண் அல்ல. யாராவது சால்வை போர்த்துவார்கள். யாராவது கல்யாணத் தேதி கேட்டு வருவார்கள். அவர் தலை திரும்பும் ஒவ்வொரு முறையும் எரிமலைகள் ஐந்து பேரும் அந்தந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். ஒருமுறை தம்பிக்கலை ஒற்றைக் காலில் அகப்பட்டுக்கொண்டான். தலைவரின் மச்சினர் ஒருவர் வந்து ஜோசியம் பேசி முடிக்கும்வரை அப்படியே நின்றான். பார்த்தவர்களுக்குப் பாவமாக இருந்தது.

கழுகுகள் இந்த நேரத்தில் கூடை கூடையாகப் போட்டார்கள். ஒன்றும் செல்லவில்லை. தேவசகாயம் மேடைக்கு ஓடிப்போய், ஐயா ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் பாருங்கள் என்று கெஞ்சிவிட்டு ஓடிவருவான். அவன் பந்தைத் தூக்குவதற்குள் தலைவர் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கழுகுகளும் தந்திரம் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் மேடைக்கு அடியில் நின்று தலைவர் பார்வையைப் பிடித்து வைப்பது, மற்றவர்கள் ஆடுவது. ஆனால் பிடித்து வைத்தவனையே தலைவர் பார்த்துக்கொண்டிருந்ததால் அதுவும் செல்லவில்லை.

ஆட்டம் முடிய மூச்சு விடும் நேரம்தான் பாக்கி. இரண்டு பக்கமும் பூஜ்யம். கூடைக்கு நேர் கீழே வடமலையின் கையில் பந்து. தலைவர் பார்த்துக்கொண்டிருந்தார். வடமலை கையைத் தூக்கினான். தலைவரின் போன் அடித்தது. அவர் திரும்பிக்கொண்டார்.

வடமலை பந்தை உயரத் தூக்கியபடி நின்றுவிட்டான்.

கழுகுகள் ஐந்து பேரும் அவன்மேல் பாய்ந்தார்கள். குதித்துக் குதித்துப் பந்தை அடித்தார்கள். ஒருவன் முழங்கையில் தொங்கினான். ஒருவன் இடுப்பில் ஏறினான். வடமலை அசையவில்லை. போன் நீண்டுகொண்டே போனால் நாளைக்குக் காலையில் கடை திறக்கும்போது இந்தக் கைகள் ஆணிதான் அள்ளும்.

"எதிர் டீம் எல்லாரும் தொட்டாச்சு" என்று பக்கத்தில் சிலையாக நின்ற சங்கிலி உதடு அசையாமல் சொன்னான். "நம்ம ஆளுங்களும் தொட்டாச்சு. ராக்கியப்பண்ணன்தான் பாக்கி."

எப்போது கிளம்புவது என்று கேட்க ராக்கியப்பண்ணன் அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள். அவருக்கு உயரம் போதாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து போட்டு, அதன்மேல் ஏறி, பந்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார். நடுவர் விசிலை வாயில் வைத்தார். தலைவர் பார்க்காமல் ஊதினால் செல்லாது என்று எடுத்துவிட்டார்.

தலைவர் போனை வைத்தார். திரும்பினார்.

சரக்.

அந்தச் சத்தத்தை வடமலை எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். இப்படி ஒருநாளும் கேட்டதில்லை. அவன் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். விசில் ஒலித்தது, ஆட்டம் முடிந்தது, எருக்கம்பாளையம் பிழைத்தது.

பரிசு கொடுப்பதற்கு முன் கும்பலிங்கம் ஒலிபெருக்கியில், தன் மண்டபத்து வழக்கப்படி, ஒரு வார்த்தை சொன்னார்.

"வந்தவங்க ஒருத்தர்கூட முகம் வாடித் திரும்பக் கூடாது. அதுக்கு ஆடினவங்கதான் பொறுப்பு."

வடமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தான். தாழையூர் ரசிகர்கள் பாதிக் கூடத்தில் முகம் செத்து உட்கார்ந்திருந்தார்கள். சங்கிலியையும் தம்பிக்கலையையும் அவசரமாகக் கூப்பிட்டான். ஜெயித்தும் சொல்லை மீறியவர்களாகிவிட்டோமே.

"கழுகுச் சட்டை ஜெயிச்சாத்தான் அவங்க முகம் மலரும்" என்றான் தம்பிக்கலை. "ஜெயிச்சது நாம. அப்ப அந்தச் சட்டையை நாம போட்டுக்கிட்டா முடிஞ்சுது."

"நம்ம ஊர்க்காரங்க முகம்?"

"அவங்க உன் மூஞ்சியைப் பார்த்துக்குவாங்க. தாழையூர்க்காரங்க சட்டையைப் பார்த்துக்குவாங்க."

இதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை. வடமலை போய் தேவசகாயத்திடம் சட்டையைக் கேட்டான். தேவசகாயம் விவரமானவன். இந்த மடையன் ஜெயித்த சட்டையைக் கழற்றித் தருகிறானே, விடலாமா என்று தன் ஆட்களுக்குக் கண்ணைக் காட்டினான். பத்து பேரும் சட்டை மாற்றிக்கொண்டார்கள். பச்சைச் சட்டை தேவசகாயத்துக்கு முழங்கால்வரை வந்தது. கோப்பையை வாங்கப் போகிற ஆசையில் அவன் அதைக் கவனிக்கவில்லை.

மேடையில் நடுவர் ஒரு பக்கமாகவும் ஸ்கோர் எழுதியவர் ஒரு பக்கமாகவும் தலைவர் காதில் என்னவோ சொன்னார்கள். கும்பலிங்கம் கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார்.

"யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானே பார்த்தேன். அந்த நெட்டைத் தம்பிதான் போட்டான். தம்பி, நீ எந்த டீம்?"

வடமலை குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். சிவப்பு. நடுவில் ஒரு கழுகு.

"தாழையூருங்க" என்றான்.

தலைவர் கோப்பையை அவன் கையில் கொடுத்தார். கூடம் அதிர்ந்தது. தாழையூர்க்காரர்கள் தங்கள் சட்டைக்காரன் கையில் கோப்பையைப் பார்த்துத் துள்ளினார்கள். எருக்கம்பாளையத்துக்காரர்கள் வடமலையின் கையில் கோப்பையைப் பார்த்துத் துள்ளினார்கள். ஒரு முகம் வாடவில்லை. தலைவர் பூரித்துப் போய், தோற்ற பச்சைச் சட்டைக்காரர்கள் இந்த நிமிஷம் முதல் லீக்கில் இல்லை என்று அறிவித்தார். தேவசகாயம் மட்டும் என்னவோ கத்தினான். அப்போது தலைவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே ராக்கியப்பண்ணன் வேன் கதவைத் திறந்து வைத்து, பச்சைச் சட்டை எல்லாம் ஏறுங்க என்று குரல் கொடுத்தார். ஊர்க்காரர்கள் சேர்ந்து தேவசகாயத்தையும் அவன் ஆட்களையும் ஏற்றிவிட்டார்கள். வடமலை பக்கத்தில் போய் நின்றான். அண்ணன் அவன் சட்டையைப் பார்த்துவிட்டு, தம்பி உங்க வேன் அந்தப் பக்கம் நிக்குதுங்க என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது. எரிமலைகள் ஐந்து பேரும் தாழையூர் வேனில் ஏறிப் போனார்கள். தாழையூரில் மேளம் கொட்டி வரவேற்றார்கள். நல்ல சாப்பாடு போட்டார்கள். அடுத்த வருஷத்துக்கும் ஆடச் சொன்னார்கள்.

மறுநாள் வடமலைக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்குப் போன் போட்டான். மாமா எடுத்தார். யாருங்க என்று கேட்டார்.

"தாழையூர்ல இருந்து பேசறேங்க. கழுகு டீம் கேப்டன். எருக்கம்பாளையம் டீமைத் துரத்திட்டாங்களே, அந்த வடமலை எப்படி இருக்கறாருங்க?"

"கடையிலதான் இருக்கறான். வர மாட்டேன்னு ஒரே அடம். தோத்த வெட்கத்துல பேரைக்கூட மாத்திச் சொல்றானுங்க, தேவசகாயமாம். துக்கத்துல ஆளே ஒரு சாண் குறைஞ்சு போயிட்டான். அதுவும் நல்லதுக்குத்தான், கூரை இடிக்கலை."

வடமலைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பார்த்துக்குங்க மாமா. அவர் ரொம்ப நல்லவருங்க. ஆணி நிறுக்கறதுன்னாலே அவருக்கு ஆகாது. சாயங்காலத்துல மட்டும் கொஞ்சம் வெளிய விட்டு, பந்து போடச் சொல்லுங்க" என்றான்.