ஒரே குத்தில் பறக்க வேண்டியவர்

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சிஷ்யருக்கு நாற்பத்தாறு. சினிமாவில் இதெல்லாம் உண்டு.

குரு ரோசலின் வியாசர்பாடிக்காரி, சண்டைக் காட்சி அமைக்கிற மாஸ்டர். சிஷ்யர் துரைக்கண்ணு திண்டுக்கல்லில் கராத்தே வகுப்பு நடத்துகிறவர். கறுப்பு பெல்ட். பள்ளிக்கூட விழாக்களில் ஓடு உடைத்துக் காட்டுகிறவர். முதல் முறையாகப் படத்தில் நடிக்க வந்திருந்தார்.

ஜப்பான்காரர்களின் மங்கா படக்கதை ஒன்றைத் தமிழில் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். துணி தேய்க்கிற ஒல்லிப் பையன், சந்தையை மிரட்டும் ரவுடியை ஒரே குத்தில் பறக்கவிடுவான். பறக்க வேண்டிய ரவுடி நம் துரைக்கண்ணு. அவருக்கு மொத்தமே அந்த ஒரு காட்சிதான்.

அவர் பறக்கவில்லை.

ஹீரோ கையை ஓங்குவார். துரைக்கண்ணுவின் இடது கை தானாக எழும்பித் தடுக்கும். "சாரி தம்பி" என்பார். மறுபடி ஓங்குவார், மறுபடி தடுக்கும். பதினோரு டேக் போயிற்று. ஹீரோவின் மணிக்கட்டு பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இயக்குநர் ரோசலினைக் கூப்பிட்டார்.

"சாப்பாடு முடிஞ்சதும் ஒரே ஒரு டேக். அப்பவும் தடுத்தார்னா ஊருக்கு பஸ் ஏத்தி விட்ருங்க. வேற ஆள் வெளியிலயே இருக்கார்."

அது துரைக்கண்ணுவின் காதிலும் விழுந்தது.

"வேணும்னு தடுக்கல மாஸ்டர். இருபத்தஞ்சு வருசப் பழக்கம். கை என்னைக் கேக்காமலே போகுது."

"கை மட்டுமா?"

துரைக்கண்ணு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"என்கிட்ட நூத்தி இருபது பிள்ளைங்க படிக்குது. எல்லாம் டிக்கெட் எடுத்து வந்து பாக்கும். ஊதுனா சாயுற அந்தத் தம்பி குத்தி நான் பறந்தேன்னா, மறுநாள் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கிளாஸ் எடுக்குறது?"

"பறக்காம பஸ் ஏறினா?"

"அது அதைவிடக் கேவலம். என் சம்சாரம் அவ சித்தப்பா பெரியப்பா வீடு வரைக்கும் போன் போட்டுச் சொல்லிட்டா."

சுவரில் அந்தக் காட்சிக்கான மங்காப் படங்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். துரைக்கண்ணு அதைக் காட்டினார்.

"இந்தக் கதையே சரியில்ல மாஸ்டர். முதல்ல ரவுடி தரையில கிடக்கான். அப்புறம் பறக்குறான். கடைசியிலதான் குத்து. குத்து விழுறதுக்கு முன்னாடியே எவனாவது விழுவானா?"

"ஜப்பான்காரங்க வலது பக்கத்துல இருந்து படிப்பாங்கண்ணே. மூணு நாளா இப்படியா பாத்துட்டிருக்கீங்க?"

துரைக்கண்ணு வலமிருந்து ஒருமுறை விரல் வைத்துப் பார்த்தார்.

"இப்பச் சரியாத்தான் இருக்கு."

"நீங்க பாத்ததும் ஒண்ணும் தப்பில்ல. வாங்க."

ரோசலின் அவரைச் சாப்பாட்டுப் பந்தலுக்குக் கூட்டிப்போனார். எழுபது எண்பது பேர் தட்டும் கையுமாக இருந்தார்கள். ஓரத்தில் காலி அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. சண்டைக்காரர்கள் விழுவதற்கு அதுதான் மெத்தை.

"என்னைக் குத்துங்க."

"மாஸ்டர்?"

"மூஞ்சிக்கு நாலு விரல் முன்னாடி நிறுத்திடுங்க. உங்களால முடியும்."

நிறுத்துவதில் துரைக்கண்ணுவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மெழுகுவத்தியைத் தொடாமல் அணைக்கிற கை அது. குத்தினார். சரியாக நாலு விரல் முன்னால் நின்றது.

ரோசலின் தலை ஒருபக்கமாக வெட்டியது. உடம்பு முறுக்கிக்கொண்டு மேலே எழும்பியது. ரச வாளியைத் தாண்டிப் பறந்து, பெட்டிகளுக்குள் போய் விழுந்து காணாமல் போனார்.

பந்தல் முழுக்க எழுந்து நின்றுவிட்டது. பிறகு, பரிமாறிக்கொண்டிருந்த மல்லிகாக்கா கரண்டியோடு ஓடிவந்தார்.

"அடப்பாவி, பிள்ளை பெத்த உடம்பை இப்படியா குத்துவ? நீ நல்லா இருப்பியா?"

"நான் தொடவே இல்லக்கா."

"தொடாமத்தான் அந்தப் பிள்ளை அம்புட்டு தூரம் போயி விழுந்துச்சாக்கும். பேசாத. வாயத் திறந்தா ரசத்தை ஊத்திருவேன்."

லைட்மேன்கள் இரண்டு பேர் வந்து துரைக்கண்ணுவின் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் பயந்துகொண்டேதான் பிடித்தார்கள்.

ரோசலின் எழுந்து வந்தார். தலையில் ஒட்டிய தெர்மாகோல் தூளைத் தட்டிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சோறு வாங்கப் போனார். துரைக்கண்ணுவும் பின்னால் போனார். அவர் தட்டில் மல்லிகாக்கா குழம்பை மட்டும் ஊற்றினார். கறித்துண்டு ஒன்றுகூட விழவில்லை.

இரண்டு பேரும் ஓரமாக உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, இந்தப் பந்தல்ல இப்ப பெரிய பலசாலி யாரு?"

"எல்லாரும் என்னைத்தான் பயந்து பயந்து பாக்குறாங்க."

"கராத்தே ஏதாவது செஞ்சு காட்டினீங்களா?"

"இல்ல."

"கை என் மேல பட்டுச்சா?"

"படல."

"அப்ப எந்த நேரத்துல பலசாலி ஆனீங்க?"

துரைக்கண்ணு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். குழந்தைக்கு ஊட்டுகிற அளவுக்குக் குழைந்துவிட்டது.

"நீங்க விழுந்த நேரத்துல."

"சாப்பிடுங்க. ஆறுது."

பன்னிரண்டாவது டேக்.

ஹீரோ வீங்கின கையைத் தயங்கித் தயங்கி ஓங்கினார். துரைக்கண்ணுவின் இடது கை ஒரு துடி துடித்தது. எழும்பவில்லை. குத்து நாலு விரல் தள்ளியே நின்றுவிட்டது. துரைக்கண்ணு நிற்கவில்லை. வெங்காய மூட்டைகளுக்கு மேலே பறந்தார். தராசைத் தட்டிவிட்டார். தக்காளிக் கூடைகளில் தலைகுப்புற விழுந்து, ஒரு கூடையை மாட்டிக்கொண்டு இன்னும் இரண்டு சுற்று உருண்டார்.

செட் முழுக்கக் கைதட்டல். இயக்குநர் ஓடிப்போய் ஹீரோவைக் கட்டிக்கொண்டார். "என்ன அடி தம்பி அது" என்றார். மல்லிகாக்கா ஹீரோவின் கைக்குத் திருஷ்டி கழித்தார். ஹீரோ தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

துரைக்கண்ணு தக்காளிக்குள்ளிருந்து எழுந்தார். யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரோசலின் மட்டும் வந்து, அவர் காதோரம் ஒட்டியிருந்த தக்காளித் தோலை எடுத்துவிட்டார்.

"சரியா விழுந்தேனா மாஸ்டர்?"

"ம்."

"எல்லாரும் அந்தத் தம்பிக்குத்தான் கைதட்டுறாங்க. எனக்கு ஒருத்தரும் தட்டலையே."

"உங்களுக்குத் தட்டியிருந்தா இன்னொரு டேக் போயிருக்கணும்ண்ணே."